இடது பக்கத்துப் பிரேக்

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் இடது பக்கம் உட்கார்ந்து போவது எனக்கு ஒத்துவராது. அங்கேயும் ஒரு பிரேக் இருக்கும், ஒரு கிளட்ச் இருக்கும். ஓட்டக் கற்றுக்கொள்பவர் ஏடாகூடமாக எதையாவது செய்தால், பக்கத்தில் இருந்து சொல்லித்தருபவர் மிதிப்பதற்காக வைத்தது. என் தோழி விழுப்புரத்தில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லித்தருகிறாள். என்னை எங்கே கூட்டிக்கொண்டு போனாலும் அந்த வண்டியில்தான் போவாள். காலடியில் ஒரு பிரேக்கை வைத்துவிட்டு, அதை மிதிக்காதே என்று என்னைப் போன்றவளிடம் சொன்னால் நடக்கிற காரியமா?

அன்று காலை ஆறு மணிக்கு அவளிடமிருந்து போன் வந்தது. "விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி வந்துக்கினு இருக்கேன். வாசல்ல நில்லு. ஜல்தி." நான் நாலரைக்கே குளித்துவிட்டேன். கடலில் குளிக்கப் போகிறவள் எதற்குக் குளித்தேன் என்று கேட்காதீர்கள். பயம் வந்தால் நான் எதையாவது செய்துகொண்டே இருப்பேன். பையில் பஞ்சு, பிளாஸ்திரி, டெட்டால், வாந்தி மாத்திரை, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆறு, இரண்டு பேருக்கும் மாற்றுத்துணி, ஒரு விசில் எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். விசிலை முந்தின நாள் ஃபேன்சி ஸ்டோரில் தேடி வாங்கியிருந்தேன்.

திண்டிவனத்தில் ஒரு மருந்துக் கடையில் பதினைந்து வருஷமாக நிற்கிறேன். மருந்தோடு வரும் சீட்டில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துப் படித்து, எதைப் பார்த்தாலும் அதனால் என்ன கெடுதல் வரும் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது. அவள் நேர்மாறு. விழுப்புரத்தில் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து, பதினெட்டு வருஷமாக, அவள் எதிலாவது குதிப்பாள், நான் கரையில் நின்று கத்துவேன். எங்கள் சிநேகிதம் இப்படித்தான் ஓடுகிறது.

அலைமேல் பலகை போட்டு நிற்கிற இந்த ஆசையை அவளிடம் கார் படிக்க வந்த ஒரு பெண் கிளப்பிவிட்டாள். மரக்காணம் தாண்டி ஒரு மீனவர் குப்பத்தில் ஒருத்தர் சர்ஃபிங் சொல்லித்தருகிறாராம். முதல் வகுப்பிலேயே நிற்க வைத்துவிடுவாராம். மூன்று மாதமாக என் உயிரை வாங்கினாள். நான் வரவில்லை என்றால் தனியாகப் போய்விடுவாள் என்று தெரிந்ததால்தான் சரி என்றேன். எனக்கு நீச்சல் தெரியாது. மாசி மகத்துக்குக் கடலுக்குப் போனால்கூட முழங்கால் தண்ணீரில் நான்கு பேர் கையைப் பிடித்துக்கொண்டு நின்று, தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு திரும்பி வருகிறவள் நான். அவளுக்கு நீச்சல் தெரியும். காணையில் அவர்கள் கழனிக் கிணற்றில் ஏழு வயதில் முதுகில் காலி எண்ணெய் கேனைக் கட்டிக்கொண்டு கற்றவள். "கெணத்துல நான் மீனு மாதிரிடி" என்று சொல்லாத நாள் கிடையாது.

திண்டிவனம் தாண்டியதும் முதல் தடவை பிரேக்கை மிதித்தேன். நாய் ஒன்று சாலையைக் கடக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.  பிரம்மதேசம் அருகே கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் ஆடி ஆடிப் போனது. அவள் அதை முந்தப் பார்த்தாள். எதிரே வெகு தூரத்தில் ஒரு பஸ். என் கால் தானாகப் போய் மிதித்துவிட்டது. வண்டி குலுங்கி நின்றது. பின்னால் வந்த வேன்காரர் ஹாரனை அழுத்திவிட்டு, எங்களைத் தாண்டும்போது எல் போர்டைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

வண்டியை ஓரம் கட்டினாள். முகம் சிவந்திருந்தது.

"இன்னாடி பேஜாரு இது? என்னைக் கொல்றதுக்குன்னே வந்தியா?"

"எதுக்க பஸ்ஸு வந்துச்சு."

"பஸ்ஸு எங்க வந்துச்சு, நான் எங்க இருந்தேன்? நான் ஓட்டுறவ. எனக்குக் கண்ணு இல்லியா? எப்பப் பாத்தாலும் பாத்துப் போ, மெதுவா போ, அது வேணாம், இது வேணாம். உன்னோட வந்தா ஆஸ்பத்திரிக்கு வந்த மாதிரி இருக்குது. இன்னிக்கு ஒரு நாள், சாயந்திரம் வரைக்கும், 'பாத்து'ன்ற வார்த்தை உன் வாயிலருந்து வரக் கூடாது. கையடிச்சி சத்தியம் பண்ணு."

அவள் கையை நீட்டினாள். எனக்கும் கோபம் தலைக்கேறியது. இத்தனை பெரிய பையைத் தூக்கிக்கொண்டு, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்ததற்கு இதுதான் மரியாதையா? பளாரென்று அவள் கையில் அடித்தேன். "சத்தியம். நீ என்ன ஆனாலும் நான் வாயைத் தொறக்க மாட்டேன், போதுமா?" என்றேன். காலை மடக்கி சீட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டேன். மரக்காணம் உப்பளம் தாண்டிக் குப்பத்தில் போய் இறங்கும்போது அந்தக் கால் மரத்துப்போயிருந்தது.

சர்ஃபிங் சொல்லித்தருபவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மீன் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவர்தான். வெயிலும் உப்பும் பட்டு தலைமுடி நுனி செம்பட்டையாகியிருந்தது. எங்களோடு சென்னையிலிருந்து வந்த ஒரு புருஷன் பெண்டாட்டியும் இருந்தார்கள். முதலில் மணலிலேயே பலகையைப் போட்டுப் படுக்க வைத்தார், கையால் துழாவச் சொன்னார், "எந்திரி" என்றதும் எழுந்து நிற்கச் சொன்னார். நான் எழுந்து நிற்பதற்குள் அவர் மூன்று தடவை "எந்திரி" சொல்லவேண்டியிருந்தது. தோழி ஒரே தாவலில் நின்றாள். டீ ஷர்ட்டும் லெகிங்ஸும் போட்டுக்கொண்டு, கையை விரித்து, கல்லூரி நாளில் பார்த்த அதே முகத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் கோபம் பாதி போய்விட்டது.

பிறகு அவர் கயிற்றைக் காட்டினார். பலகையின் வால் பக்கத்திலிருந்து ஆளுயரத்துக்கு ஒரு தடித்த ரப்பர் கயிறு. அதன் முனையில் கணுக்காலில் சுற்றி ஒட்டிக்கொள்ளும் பட்டை.

"இதுக்குப் பேரு லீஷ். இதுதான் உங்க உயிரு மேடம். போர்டு முழுவாது. போர்டு உங்க காலோட இருந்தா நீங்களும் முழுவ மாட்டீங்க. எது கழண்டாலும் இது கழலக் கூடாது."

நான் பட்டையை இரண்டு தடவை பிரித்து ஒட்டிச் சரிபார்த்தேன். நிமிர்ந்து தோழியைப் பார்த்தேன். அவர் அவள் காலில் பட்டையைச் சுற்றும்போது அவள் முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது. எனக்குக் காரணம் தெரியும். கல்லூரி இரண்டாம் வருஷத்தில் ஒரு நாள் சொல்லியிருக்கிறாள். அவளுடைய சித்தப்பா கிணற்றில் மோட்டாரைத் தூக்கி வைக்க இறங்கியவர், மோட்டார் கட்டியிருந்த கயிறு காலில் சுற்றிக்கொண்டு மேலே வரவே இல்லை. நீச்சலில் அந்தக் கிணற்றில் அவரை மிஞ்ச ஆள் கிடையாதாம். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிணற்றில் ஒரே ஒரு சட்டம்தான்: உடம்பில் என்ன இருந்தாலும் பரவாயில்லை, காலில் மட்டும் ஒன்றும் இருக்கக் கூடாது. கொலுசைக்கூடக் கழற்றி மேலே வைத்துவிட்டுத்தான் குதிக்க வேண்டும்.

தண்ணீரில் என் கதை சீக்கிரம் முடிந்தது. இடுப்பளவு தண்ணீரில் பலகைமேல் படுக்க வைத்து, அலை வந்ததும் அவர் தள்ளிவிட்டார். இரண்டு தடவை மூக்கில் தண்ணீர் ஏறியது, மூன்றாவது தடவை பலகை தாடையில் இடித்தது. போதும் என்று முழங்கால் தண்ணீருக்கு வந்து பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். தோழி நான்காவது அலையில் நின்றாள். நான் பார்த்தேன், பொய் சொல்லவில்லை, முழுசாக ஐந்தாறு நொடி நின்றாள். கரை வரைக்கும் வந்து விழுந்து, எழுந்து, "பாத்தியா! பாத்தியா!" என்று கத்தினாள். நான் கைதட்டினேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, உப்புத் தண்ணீர் என்று துடைத்துக்கொண்டேன்.

அடுத்த அலையில் அவள் விழுந்தபோது கயிறு முறுக்கிக்கொண்டு காலைச் சுண்டி இழுத்திருக்க வேண்டும். தண்ணீரிலிருந்து எழுந்தவள் சிரிக்கவில்லை. மூச்சு வாங்கினாள். சொல்லித்தருபவர் அப்போது சென்னைக்காரர்களைக் கவனிக்க வடக்கே கொஞ்ச தூரம் போயிருந்தார். அவள் அவர் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குனிந்து, சர்ரென்று பட்டையைப் பிரித்தாள். கயிற்றை மடித்துப் பலகையின் வாலில் சுற்றி, பட்டையை அதன்மேல் ஒட்டினாள்.

நான் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் கண்கள் சந்தித்தன. நான் வாயைத் திறந்தேன். அவள் சிரித்துக்கொண்டே வலது கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினாள். காலையில் நான் அடித்த கை.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் பலகையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். முன்பைவிட அதிக தூரம் போனாள். ஓர் அலை அவளைப் புரட்டியது. பலகை தனியாக, ஆளில்லாமல், அழகாக வழுக்கிக்கொண்டு கரைக்கு வந்து மணலில் ஏறி நின்றது. அவள் தலை வெளியே வந்தது. என்னைப் பார்த்துக் கையசைத்தாள். சரி, நீச்சல் தெரிந்தவள், வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் நீந்த ஆரம்பித்தாள். கழுத்தைத் தண்ணீருக்குமேல் தூக்கி வைத்துக்கொண்டு, கைமாற்றிக் கைமாற்றிப் போட்டு, நேராக என்னைப் பார்த்து. நான் எண்ணினேன். எனக்கு எண்ணுகிற பழக்கம் உண்டு. பத்து. பதினைந்து. கிணற்றில் பத்து கை போட்டால் படி கைக்கு வந்துவிடும். இருபத்தைந்து. அவள் கிட்டே வந்திருக்க வேண்டும். வரவில்லை. முப்பது. ஆரம்பத்தில் அவள் தலைக்கு நேர் பின்னால் ஒரு கட்டுமரம் நங்கூரம் போட்டு நின்றது. இப்போது அது அவளுக்கு இடது பக்கம் தள்ளி இருந்தது. முன்பைவிட அவள் தலை சின்னதாகத் தெரிந்தது. முகம் சரியாகத் தெரியவில்லை. நீந்த நீந்த அவள் பின்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"அண்ணா!" என்று கத்தினேன். அலை இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. விசில் நினைவுக்கு வந்தது. விசில் பையில் இருந்தது. பை வண்டியில் இருந்தது. கரையில் பலகையைப் போட்டுவிட்டு வடக்கே ஓடினேன். இரண்டு எட்டு வைப்பதற்குள் யாரோ காலைப் பிடித்து இழுத்ததுபோல் முகங்குப்புற மணலில் விழுந்தேன். என் காலில் லீஷ். மறுமுனையில் என் பலகை. இரண்டு தடவை சரிபார்த்து ஒட்டினேனே, அவசரத்தில் அந்தப் பட்டை பிரியவே மாட்டேன் என்றது. உலர்ந்த மணலில் உட்கார்ந்துகொண்டு நான் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவள் அங்கே காலில் ஒன்றுமில்லாமல் கடலில் இருந்தாள்.

கடைசியில் அவரைக் கூப்பிட்டது நானில்லை. கரையேறி நின்ற ஆளில்லாப் பலகையை அவரே பார்த்துவிட்டார். தன் பலகையில் விழுந்து கைகளால் துழாவிக்கொண்டு போனார். நான் எழுந்து பார்க்கும்போது இரண்டு அலைகளுக்கு நடுவில் அவள் தலை தெரிந்தது, மறைந்தது. அடுத்த அலை இறங்கும்போது தெரியவில்லை. அதற்கடுத்த அலையிலும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். மேல்மலையனூர் அம்மனுக்கு மொட்டை போடுகிறேன் என்றேன். காணையில் அவள் அம்மாவிடம் போய் என்ன சொல்வேன் என்று யோசித்தேன், அந்த நேரத்திலும் வாக்கியம் வாக்கியமாக யோசித்தேன். எந்த வாக்கியமும் 'நான் பார்த்தேன்' என்பதைத் தாண்டிப் போகவில்லை.

அப்புறம் ஒரே பலகையில் இரண்டு தலை தெரிந்தது.

ஆனால் அவர் கரைக்கு வரவில்லை. கரைக்கு இணையாகத் தெற்கே போனார். இந்த ஆளுக்குப் பைத்தியமா, கரை இங்கே இருக்க எங்கே இழுத்துக்கொண்டு போகிறார் என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே நானும் கரையோரமாகத் தெற்கே ஓடினேன். வெகு தூரம் போய், அங்கே உடைந்த ஓர் அலையோடு சேர்ந்து இரண்டு பேரும் சுலபமாகக் கரைக்கு வந்தார்கள்.

அவளுக்கு நிற்க முடியவில்லை. மணலில் மண்டி போட்டு வாந்தி எடுத்தாள். உதடு வெளுத்திருந்தது. நான் முதுகைத் தடவினேன், பிறகு அதே முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தேன், பிறகு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். சென்னைக்கார அம்மா என்னைப் பிடித்து விலக்கினார்.

சொல்லித்தருபவர் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டார்: "லீஷ் எப்படி மேடம் கழண்டுச்சு?"

"தானா கழண்டுக்கிச்சு" என்றாள்.

அவர் போய் அவள் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாலில் கயிறு ஒழுங்காக மடித்துச் சுற்றி, பட்டை ஒட்டியபடி இருந்தது. அதைப் பார்த்தார். என்னையும் ஒரு தடவை பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஊர்ப்பக்கம் கெணத்துல கத்துக்கினவங்களா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள்.

"அதான். கெணத்துல நீந்துறவங்க நேரா செவுத்தப் பாத்துதான் நீந்துவாங்க. கடலுக்குச் செவுரு கெடையாது மேடம். தண்ணி வெளிய இழுக்கும்போது எதுத்து நீந்துனா கை ஓஞ்சி போயிடும். பக்கவாட்டுல போவணும். போர்டு இருந்தா சும்மா அதப் புடிச்சிக்கினு கெடந்தாலே போதும், நான் வந்துடுவேன்." சூடாக டீ வாங்கி வரச்சொல்லிக் கொடுத்தார். 

இரண்டு மணி நேரம் படகு நிழலில் படுத்திருந்தாள். ஓ.ஆர்.எஸ். கலந்து கொடுத்தேன், குடித்தாள். வாந்தி மாத்திரை கொடுத்தேன், கேள்வி கேட்காமல் விழுங்கினாள். பதினெட்டு வருஷத்தில் நான் கொடுத்த எதையும் அவள் இப்படி வாங்கிச் சாப்பிட்டதில்லை. அதைப் பார்த்துதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மத்தியானம் கிளம்பினோம். உடம்பு தெளிந்துவிட்டது, தானே ஓட்டுகிறேன் என்றாள். சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். தன்னிடம் படிக்க வருபவர்களிடம் அவள் முதலில் கத்துவது அதற்காகத்தான். மரக்காணம் உப்பளம் அருகே வண்டியை ஓரமாக நிறுத்தினாள். உப்புக் குவியல்களைத் தென்னங்கீற்று போட்டு மூடியிருந்தார்கள். கண் கூசியது.

"நான் கழட்டும்போது நீ பாத்தே" என்றாள்.

"பாத்தேன்."

"ஏன் ஒண்ணும் சொல்லல?"

"சத்தியம் வாங்கினியே."

"சத்தியமாம். நான் வாயை மூடுன்னா நீ மூடிடுவியா? என்னிக்காவது நான் சொல்லி நீ கேட்டிருக்கியா?"

உண்மைதான். சத்தியத்துக்குக் கட்டுப்படுகிற ஆள் நானில்லை. சத்தியம் ஒரு சாக்கு. அந்த நொடியில், அவள் கையைக் காட்டிச் சிரித்தபோது, எனக்குள் ஒன்று ஓடியது. அதைச் சொல்லாமல் விட்டால் அவளோடு இனி ஒரு வண்டியில் உட்கார முடியாது என்று தோன்றியது. உப்புக் குவியலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"படட்டும்னு நெனச்சேன். ஒரு தடவை பட்டாதான் இவளுக்குத் தெரியும்னு நெனச்சேன். இவ்ளோ ஆவும்னு தெரியாது. ஆனா நெனச்சேன்."

 சாவியைத் திருப்பி வண்டியை எடுத்தாள். அழுகிறாளா என்று பார்க்கவும் எனக்குத் தைரியம் இல்லை. கிலோமீட்டர் கிலோமீட்டராகப் போய்க்கொண்டே இருந்தது. இறக்கிவிட்டுவிட்டு இனி போன் எடுக்கமாட்டாள், பதினெட்டு வருஷம் இன்றோடு சரி என்று முடிவே கட்டிவிட்டேன். அவள் உயிரோடு இருக்கிறாள், அது போதும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். போதவில்லை.

பிரம்மதேசம் கிட்டே வந்தபோது முன்னால் மல்லாட்டை மூட்டை ஏற்றிய மினி லாரி ஒன்று தடுமாறிக்கொண்டு போனது. அவள் வலது பக்கம் எட்டிப் பார்த்தாள். முந்தப்போகிறாள். என் கால் பிரேக்குக்குப் போய்விட்டிருந்தது. மிதிக்கவில்லை, மேலே வைத்திருந்தேன். காலையில் அவள் கத்தியது நினைவுக்கு வந்து, சட்டென்று காலை எடுத்து சீட்டுக்குக் கீழே மடக்கிக்கொண்டேன்.

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"காலை ஏன் எடுத்தே?" என்றாள். "அங்கியே வையி."